ஓரத்திலிருந்து மூன்றடி

தங்கை மகள் இந்த வருஷம் எங்கள் வீட்டில் தங்கிக் கல்லூரிக்குப் போகிறாள். சைக்கிளிலேயே போய்க்கொள்கிறேன் என்று அவள் சொன்ன அன்று, வீட்டில் ஆளுக்கொரு புத்தி சொன்னார்கள். எல்லாம் சேர்ந்து ஒரே வார்த்தைதான்: "ஓரமாப் போ." நான் மட்டும் "ஓரமாப் போகாதே" என்றேன். அதைக் கேட்டுவிட்டு ஊரிலிருந்து தங்கை போன் போட்டு, "உனக்கென்ன கிறுக்கா அக்கா?" என்று ஒரு பிடி பிடித்தாள்.

பதினோரு வருஷமாகச் சென்னையில் மடிப்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைக்கு சைக்கிளில் போய்வருகிறேன். அங்கே ஒரு அச்சகத்தில் கணக்கு எழுதுகிறேன். வேளச்சேரி, விஜயநகர், பீனிக்ஸ் மால், குருநானக் கல்லூரி, கிண்டி, சின்னமலை, மறைமலை அடிகள் பாலம் என்று போகும் பாதை. கார் ஓட்டுகிறவர்களுக்கே வியர்க்கும். இதில் இரண்டு முறை விழுந்திருக்கிறேன். இரண்டு முறையும் நல்ல பிள்ளையாக ஓரமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் விழுந்தேன்.

ஓரத்தில் என்னதான் இருக்கிறது என்று ஒரு நாள் நடந்துபோய்ப் பாருங்கள். மணல். உடைந்த பாட்டில். மேல்மேலே தார் போட்டு ரோடு உயர்ந்துவிட்டதால் குழிக்குள் போய்விட்ட மேன்ஹோல் மூடி. மழைநீர் வடிகாலின் கம்பிச் சட்டம். அதன் கம்பிகள் ரோடு போகும் திசையிலேயே நீளமாக இருந்தால் ஒல்லி டயர் அப்படியே உள்ளே இறங்கிவிடும். இளநீர் வண்டி. பஸ் வருகிறதா என்று நடைபாதையை விட்டு இறங்கி எட்டிப் பார்க்கும் ஜனம். இதற்கு நடுவில்தான் நம்மைப் போகச் சொல்கிறார்கள்.

முதல் தடவை நான் விழுந்தது அப்படி ஒரு மூடியைக் கடைசி நொடியில் பார்த்து வலது பக்கம் ஒடித்ததில். பின்னால் வந்த பைக்கின் ஹேண்டில்பார் என் முழங்கையில் இடித்தது. தப்பு அவர்மேல் இல்லை. ஓரத்தை ஒட்டிப் போகிறவருக்கு ஒரு பள்ளம் வந்தால் ஒதுங்க ஒரே திசைதான், வண்டிகள் வரும் வலது பக்கம். மூன்றடி உள்ளே போய்க்கொண்டிருந்தால் இடது பக்கம் ஒதுங்க இடம் இருக்கும். அந்த மூன்றடி நம் சொந்த இருப்பு. அவசரத்துக்கு மட்டும் எடுத்துச் செலவழிக்க வேண்டியது.

இன்னொரு காரணமும் உண்டு. ஓரத்தில் ஒட்டிப் போனால், பின்னால் வரும் கார்க்காரர் "இடம் போதும்" என்று நினைத்துத் திசையும் மாற்றாமல், வேகமும் குறைக்காமல் நம்மை உரசுகிற மாதிரி தாண்டிவிடுவார். மூன்றடி உள்ளே இருந்தால் அவர் நம்மைப் பார்த்தே ஆக வேண்டும். கொஞ்சம் வலது பக்கம் விலகித்தான் தாண்ட முடியும். ஹாரன் அடிப்பார், அடிக்கட்டும். ஹாரன் அடிக்கிறார் என்றால் நம்மைப் பார்த்துவிட்டார் என்று அர்த்தம். நான் பயப்படுவது ஹாரன் அடிக்காமல் வருகிறவருக்குத்தான்.

மூன்றடியை எப்படி அளப்பது என்று தங்கை மகள் கேட்டாள். டேப் எல்லாம் வேண்டாம். ரோட்டை உற்றுப் பாருங்கள். கார்களின் இடது பக்கச் சக்கரங்கள் ஓடி ஓடி ஒரு தடம் மணல் இல்லாமல் சுத்தமாக, கறுப்பாக இருக்கும். அந்தத் தடத்தில் போங்கள், இல்லாவிட்டால் அதற்கு ஒரு சாண் இடது பக்கம். ஒரு கார் மட்டுமே போகும் அகலமுள்ள தெரு என்றால் நடுவிலேயே போகலாம். அகலமான இடம் வந்ததும் ஒதுங்கி, கையைக் காட்டிப் பின்னால் வருகிறவரை விட்டுவிடுங்கள்.

ஒரு விதிவிலக்கு. பல்லாவரம் துரைப்பாக்கம் ரேடியல் ரோடு மாதிரி கார்கள் பறக்கும் ரோட்டில் இந்தக் கணக்கு எடுபடாது. மணிக்கு 60 கிலோமீட்டரில் வரும் கார் நொடிக்கு ஏறக்குறைய பதினேழு மீட்டர் தாண்டும். நம் சாதாரண வேகம் 15 கிலோமீட்டர். நொடிக்கு நான்கு மீட்டர்தான். அவர் நம்மைப் பார்த்து யோசித்து முடிப்பதற்குள் முதுகுக்கு வந்துவிடுவார். அந்த மாதிரி ரோட்டைத் தவிர்த்துவிட்டு உள்தெருக்களில் சுற்றிப் போவதே மேல். பத்து நிமிஷம் கூட ஆனால் ஆகட்டும்.

இடத்தைப் பிடித்தபின் நேராகப் போக வேண்டும். ஓரத்தில் இரண்டு கார் நிற்கும், நடுவில் கொஞ்சம் காலி இடம் இருக்கும், அப்புறம் இன்னொரு கார். அந்தக் காலி இடத்தில் உள்ளே போய் மறுபடி வெளியே வருகிற பழக்கம் நிறையப் பேருக்கு உண்டு. மரியாதைக்காகத்தான் ஒதுங்குகிறோம். ஆனால் திரும்ப வெளியே வரும்போது பின்னால் இருப்பவருக்கு நாம் திடீரென்று முளைத்த மாதிரி இருக்கும்.

இப்போது இரண்டாவது தடவை விழுந்ததைச் சொல்கிறேன்.

வேளச்சேரியில் ஒரு கடைத்தெரு. காலை எட்டு மணி இருக்கும். இடது பக்கம் வரிசையாகக் கார்கள் நின்றிருந்தன. அவற்றை ஒட்டி ஓர் அடி தள்ளிப் போய்க்கொண்டிருந்தேன். "டக்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான் கேட்டது. வெள்ளைக் கார் ஒன்றின் கதவு என் முன் சக்கரத்துக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவில் விரிந்தது. கதவின் விளிம்பு என் இடது கையில் பட்டது. நான் வலது பக்கம், அதாவது ரோட்டுக்குள், போய் விழுந்தேன். டிபன் பாக்ஸ் திறந்து சாம்பார் சாதம் தார் ரோட்டில் சிதறியது. பின்னால் வந்த ஷேர் ஆட்டோ அந்தச் சாதத்துக்கு முன்னால் நின்றது. அவர் பிரேக் நல்ல பிரேக். எனக்கு மணிக்கட்டு எலும்பில் கீறல், ஆறு வாரம் மாவுக்கட்டு. கதவைத் திறந்தவர் வயதான மனிதர். என்னைவிட அதிகமாக நடுங்கிப்போய் நின்றார். அவரைத் திட்டக்கூட மனம் வரவில்லை.

நம் ஊரில் ஸ்டியரிங் வலது பக்கம். இடது ஓரத்தில் நிறுத்திய காரில் ஓட்டுநர் இறங்கும் கதவு நம் பக்கம்தான் திறக்கும், முழுதாகத் திறந்தால் ஏறக்குறைய ஒரு மீட்டர் வெளியே வரும். அதனால் நிற்கும் கார்களை ஒட்டிப் போகும்போது மூன்றடி போதாது. நான்கடி விடுங்கள். கதவு பட்டால் நாம் நடைபாதைப் பக்கம் விழ மாட்டோம், வண்டிகள் வரும் பக்கம்தான் விழுவோம். அந்த நான்கடி விட முடியாத அளவுக்கு ரோடு நெருக்கம் என்றால், நடந்து போகிற வேகத்துக்கு வந்துவிடுங்கள்.

எந்தக் காரின் கதவு திறக்கும் என்று கொஞ்சம் முன்கூட்டியே கண்டுபிடிக்கலாம். பின்பக்கக் கண்ணாடி வழியாக ஓட்டுநர் சீட்டில் தலை தெரிகிறதா? இப்போதுதான் பிரேக் விளக்கு அணைந்ததா? சைடு மிரரில் முகம் தெரிகிறதா? தெரிந்தால் அந்தக் கதவு திறக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஓலா, ஊபர் நின்றால் இன்னும் எச்சரிக்கை. போனைப் பார்த்துக்கொண்டே இறங்குகிறவர் எந்தப் பக்கக் கதவையும் திறப்பார்.

சரி, ஓரத்தை விட்டு உள்ளே வந்தாயிற்று. உள்ளே வந்தவருக்குக் கண் முதுகிலும் இருக்க வேண்டும். ஓட்டிக்கொண்டே திரும்பிப் பார்ப்பதுதான் இந்தக் கலையில் பாதி. அது தெரியாமல் மெயின் ரோட்டுக்குப் போகக் கூடாது என்று தங்கை மகளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு காலி மைதானத்துக்குக் கூட்டிப்போனேன். சாக்பீஸ் பொடியால் நீளமாக ஒரு கோடு போட்டேன். அவள் அந்தக் கோட்டின்மேலேயே ஓட்ட வேண்டும். பின்னால் நின்றுகொண்டு நான் விரல்களை உயர்த்துவேன். வலது தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்து எத்தனை விரல் என்று சொல்ல வேண்டும், சைக்கிள் கோட்டை விட்டு நகரக் கூடாது. முதல் நாள் அவள் ஒவ்வொரு தடவையும் இரண்டடி வலது பக்கம் போனாள். தலை திரும்பினால் தோள் திரும்பும், தோள் திரும்பினால் கையும் சேர்ந்து இழுக்கும். அதற்கு ஒரு வழி உண்டு. திரும்பும்போது வலது முழங்கையைத் தளர்த்தி மடக்கிக்கொள்ள வேண்டும். முகவாயைத் தோளில் வைக்கிற மாதிரி தலையை மட்டும் திருப்பி, அரை நொடி பார்த்துவிட்டு முன்னால் வந்துவிட வேண்டும். "மூணு விரல் பெரியம்மா!" என்று கோடு விலகாமல் அவள் சொன்னது மூன்றாவது ஞாயிறு. மிரர் மாட்டிக்கொள்ளலாமே என்றாள். மாட்டு, ஆனால் மிரரில் தெரியாத மூலையில்தான் பைக் வரும். திசை மாற்றும் முன் கழுத்தும் திரும்ப வேண்டும் என்றேன்.

இதில் இன்னொரு லாபம் எனக்குத் தெரிய வெகுநாள் ஆயிற்று. நாம் திரும்பிப் பார்த்தாலே பின்னால் வருகிறவர் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலைக் கொஞ்சம் எடுக்கிறார். முதுகைவிட முகத்துக்கு மரியாதை கூட. பார்த்த பிறகு கையை முழுதாக நீட்டுங்கள். வலது பக்கம் போவதென்றால் வலது கை, தோள் உயரத்துக்கு. இடுப்புப் பக்கத்தில் ரகசியமாக இரண்டு விரலை ஆட்டுவதை யாரும் பார்ப்பதில்லை. கையை நீட்டியதாலேயே வழி கிடைத்துவிட்டது என்று திரும்பிவிடவும் கூடாது. கேட்டிருக்கிறோம், அவர் கொடுத்தாரா என்று இன்னொரு தடவை பார்த்துவிட்டுப் போக வேண்டும்.

பெல்லை நம்பாதீர்கள். கண்ணாடியை ஏற்றி ஏ.சி. போட்டவர் காதில் நம் "டிரிங் டிரிங்" விழாது. பெல் நடந்து போகிறவர்களுக்கு மட்டும்.

இனி ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு குணம்.

மாநகரப் பேருந்துக்கு வாசல் இடது பக்கம். நிறுத்தத்தில் நிற்கிற பஸ்ஸுக்கும் நடைபாதைக்கும் நடுவில் ஒரு சந்து தெரியும். சைக்கிள் போகிற அளவுக்கு அழகாக இருக்கும். அதில் மட்டும் நுழையவே நுழையாதீர்கள். பஸ் நிற்பதற்கு முன்பே படியிலிருந்து குதிக்கிற பையன்கள் அந்தச் சந்தில்தான் இறங்குவார்கள். பஸ் இன்னும் கொஞ்சம் ஓரம் கட்டினால் நீங்கள் நசுங்குவீர்கள். பின்னாலேயே நில்லுங்கள். ஜனம் ஏறி இறங்க அரை நிமிஷம் ஆகும், ஒரு வாய் தண்ணீர் குடிக்கலாம். வலது பக்கமாகத் தாண்டுவதென்றால் நன்றாகத் திரும்பிப் பார்த்துவிட்டு, பஸ் நின்ற உடனே தாண்ட வேண்டும். கடைசி ஆள் ஏறிவிட்டார், கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார் என்றால் அந்த ஆசையை விட்டுவிடுங்கள். பாதியில் இருக்கும்போது பஸ் கிளம்பி உங்கள்மேல் வரும்.

தண்ணீர் லாரி, கான்கிரீட் கலவை லாரி இரண்டும் மெட்ரோ வேலை ஆரம்பித்த பிறகு எங்கள் பக்கம் அதிகம். நீள வண்டி இடது பக்கம் திரும்பும்போது அதன் பின் சக்கரம், முன் சக்கரம் போன வழியில் போகாது. உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். முன் பக்கம் இடம் இருக்கிறதே என்று இடது பக்கம் நிற்கிறவர் பின் சக்கரத்தில் மாட்டுவது இப்படித்தான். உயரத்தில் உட்கார்ந்திருக்கும் டிரைவருக்குத் தன் இடது கதவுக்குக் கீழே நிற்கும் சைக்கிள் தெரியவே தெரியாது. சிக்னலில் லாரியின் பக்கத்தில் நிற்காமல் நன்றாகப் பின்னால், அவர் மிரரில் உங்களுக்கு அவர் முகம் தெரிகிற இடத்தில் நில்லுங்கள். அவர் முகம் தெரியவில்லை என்றால் உங்கள் முகமும் அவருக்குத் தெரியவில்லை.

ஆட்டோவைப் படிக்க இன்டிகேட்டரைப் பார்க்காதீர்கள், டிரைவரின் தலையைப் பாருங்கள். சவாரி இல்லாத ஆட்டோவில் டிரைவர் நடைபாதையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகப் போனால், யாராவது கை காட்டியதும் குறுக்கே வெட்டி நிறுத்துவார். காரைப் படிக்க அதன் முன் சக்கரத்தைப் பாருங்கள். சந்திலிருந்து எட்டிப் பார்க்கும் காரின் ஓட்டுநர் உங்களைப் பார்த்தாரா இல்லையா என்று கண்ணாடிக்குள் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். அவர் சக்கரம் உருளத் தொடங்கினால் உடனே தெரியும்.

எதிரே ராங் சைடில் வருகிற பைக்குக்கு எந்தக் குணமும் கிடையாது. நான் வேகத்தைக் குறைத்து, நேராகவே போய், தேவைப்பட்டால் காலை ஊன்றி நின்றுவிடுவேன். அவர் எப்படியும் ஒரு பக்கம் போவார். அவருக்கு வழிவிடுகிறேன் என்று சட்டென வலது பக்கம் போவதுதான் ஆபத்து. கொஞ்ச தூரம்தானே என்று நாமும் ராங் சைடில் போவது உண்டு, நானும் போயிருக்கிறேன். சந்திலிருந்து இடது பக்கம் திரும்புகிற கார்க்காரர் வலது பக்கம் மட்டும்தான் பார்ப்பார் என்று தெரிந்த நாளிலிருந்து விட்டுவிட்டேன்.

சந்திப்புகளில் என் பயம் சிக்னலில் இல்லை, சிக்னலுக்கு நிற்காமல் இடது பக்கம் திரும்பிப் போகிற 'ஃப்ரீ லெஃப்ட்'டில். நாம் நேராகப் போக வேண்டும், இடது ஓரமாகப் போய்க்கொண்டிருக்கிறோம். பின்னால் வருகிறவர் இடது பக்கம் திரும்ப வேண்டும். அவர் பாதை நம் பாதையைக் கத்தரி மாதிரி வெட்டும். சின்னமலை வரும் முன்பே, ஒரு ஐம்பது மீட்டருக்கு முன்னால், திரும்பிப் பார்த்து, கை காட்டி, நேராகப் போகும் வரிசையின் நடுவுக்கு வந்துவிடுவேன். இடது பக்கம் திரும்புகிறவர்கள் என் இடது பக்கமாகப் போய்க்கொள்ளட்டும். சந்திப்பைத் தாண்டியதும் பழையபடி மூன்றடிக்கு வந்துவிடலாம்.

வலது பக்கம் திரும்ப நான்கு வரிசை கார்களுக்குள் புகுந்து நடு ரோட்டுக்குப் போகிற வீரம் எனக்கில்லை. நேராகச் சந்திப்பைக் கடந்து, எதிர் மூலையில் இடது பக்கம் நின்று, சைக்கிளை வலது பக்கம் திருப்பி வைத்துக்கொள்வேன். குறுக்கு ரோட்டுக்குப் பச்சை விழுந்ததும் அவர்களோடு போய்விடுவேன். ஒரு திருப்பத்தை இரண்டு நேர்கோடாக உடைத்துக்கொள்வது, அவ்வளவுதான். அதுவும் முடியாத கூட்டம் என்றால் இறங்கித் தள்ளிக்கொண்டு ஜீப்ரா கோட்டில் நடப்பேன். எங்கள் ஊர் புதுக்கோட்டைப் பக்கம். 1991, 92இல் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தில் பெண்களெல்லாம் சைக்கிள் பழகியபோது என் அம்மாவும் பழகினாள். அதே சைக்கிளில்தான் நான் குரங்குப் பெடல் போட்டேன். கண்மாய்க் கரையில் எதிரே மாட்டுவண்டி வந்தால்கூட அம்மா இறங்கித் தள்ளுவாள். நாற்பது வயதுக்கு மேல் எனக்கு மட்டும் என்ன வெட்கம்?

சைக்கிளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. காலையில் டயரை அமுக்கிப் பாருங்கள். பிரேக் கட்டை தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். சீட்டில் உட்கார்ந்தபடி கால் விரல்களாவது தரையில் ஊன்ற வர வேண்டும். நெரிசலில் நின்று நின்று போக அதுதான் வசதி. முன் பிரேக்தான் சீக்கிரம் நிறுத்தும், ஆனால் அதை மட்டும் சட்டென்று பிடித்தால் பின் சக்கரம் தூக்கி நம்மை முன்னால் கவிழ்க்கும். இரண்டையும் சேர்த்து, படிப்படியாக இறுக்கிப் பழகுங்கள். சாப்பாட்டுப் பையை ஹேண்டில்பாரில் தொங்கவிட்டால் திருப்பத்தில் ஆடிச் சக்கரத்துக்குள் போகும். கூடையிலோ கேரியரிலோ கட்டுங்கள். துப்பட்டாவைக் குறுக்கே போட்டு இடுப்பில் முடிச்சுப் போடாமல் ஏறக் கூடாது. பலாஸோ பேன்ட் செயினுக்குப் பரம விரோதி. சைக்கிளுக்கு ஹெல்மெட் கட்டாயம் என்று யாரும் பிடித்து நிறுத்தப்போவதில்லை. மணிக்கட்டுக்கு மாவுக்கட்டுப் போட்ட டாக்டர் "தலையா இருந்தா?" என்று கேட்டார், அன்று மாலையே வாங்கிவிட்டேன். புருவத்துக்கு இரண்டு விரல் மேலே நிற்கிற மாதிரி போட வேண்டும். பின்னந்தலையில் தொப்பி மாதிரி சரித்துப் போட்டால் நெற்றி திறந்து கிடக்கும்.

இருட்டினால் பின்னால் சிவப்பு விளக்கு, முன்னால் வெள்ளை. மட்கார்டில் பளபளக்கும் ஸ்டிக்கர் நாடா ஒரு துண்டு. எதிரே ஹைபீம் போட்டு வந்தால் அந்த விளக்கைப் பார்க்காமல் இடது ஓரக் கோட்டைப் பார்த்து மெதுவாகப் போங்கள்.

புதுப் பாதை என்றால் முதலில் ஒரு ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஓட்டிப் பார்த்துவிடுங்கள். எந்த இடத்தில் மூடி பள்ளம், எங்கே வெள்ளைக் கோடு போடாத வேகத்தடை, எந்தத் தெருமுனையில் நாய்கள் என்று மனப்பாடம் ஆகிவிடும். மேடவாக்கம் மெயின் ரோட்டில் மெட்ரோ தடுப்புகள் ராத்திரியில் இடம் மாறும், அதனால் அங்கே மனப்பாடம் செல்லாது. பள்ளத்தின்மேல் போட்ட இரும்புத் தகடு நனைந்திருந்தால் அதன்மேல் திரும்பவோ பிரேக் பிடிக்கவோ கூடாது. நேராக, பெடல் போடாமல் உருண்டு போய்விட வேண்டும்.

மழைக்கும் அதே கதைதான். வெயிலில் கிடந்த ரோட்டில் முதல் தூறல் விழுந்ததும், படிந்திருந்த எண்ணெயும் தூசியும் சேர்ந்து வழுக்கும். கால் மணி நேரம் கடை வாசலில் ஒதுங்கி நின்றால் மழை அதைக் கழுவிவிடும். ரிம்மில் ஈரம் இருந்தால் பிரேக் உடனே பிடிக்காது. சிக்னலுக்கு நன்றாக முன்பே லேசாகப் பிடித்துப் பிடித்து ரிம்மைத் துடைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் தேங்கிவிட்டதென்றால் வேறு கணக்கு. அடியில் மூடி இருக்கிறதா இல்லையா என்று தெரியாத தண்ணீரில் சைக்கிள் விடக் கூடாது. போன ஐப்பசியில் விஜயநகர் பக்கம் முழங்கால் தண்ணீர் என்று கேள்விப்பட்டதும், இரண்டு சைக்கிளையும் மாடிப்படிக் கம்பியில் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டு, நானும் அவளும் பஸ்ஸுக்கு நடந்தோம். நிறுத்தத்தில் பஸ்ஸை எட்டிப் பார்க்க அவள் ரோட்டில் இறங்கி நின்றாள். கையைப் பிடித்து மேலே இழுத்தேன்.